காரின் பயண சொகுசில் டயரும் குளிரும்: விழுப்புரம் – திண்டிவனம் பகுதியை முன்வைத்து ஒரு விளக்கம்

சாலையின் மேடு பள்ளங்கள் காருக்குள் அமர்ந்திருப்பவரின் உடலுக்கு எந்த அளவுக்குத் தெரிகின்றன என்பதைப் பொறுத்தே ஒரு காரின் பயண சொகுசு மதிப்பிடப்படுகிறது. இருக்கை, சுருள்வில், ஷாக் அப்சார்பர், டயர் ஆகிய நான்கும் சேர்ந்தே இந்தச் சொகுசைத் தருகின்றன. இவற்றில் சாலையை நேரடியாகத் தொடுவது டயர் மட்டுமே. பருவத்துக்குப் பருவம், சில வேளைகளில் ஒரே நாளின் காலைக்கும் மதியத்துக்கும் இடையிலும், அதிகம் மாறுவதும் டயர்தான். அதற்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் வெப்பநிலையைப் பின்தொடர்ந்து ஏறி இறங்குவதே இதற்குக் காரணம்.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் பனிப்பொழிவு இல்லை; உறைநிலைக் குளிரும் இல்லை. ஆயினும் சித்திரை, வைகாசி மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தொடுவதும், மார்கழி, தை மாத விடியற்காலையில் 20 டிகிரி அளவுக்கு இறங்குவதும் இங்கு வழக்கம். இந்த 20 டிகிரி வேறுபாடே டயரின் நடத்தையைக் குறிப்பிடத்தக்க அளவு மாற்றப் போதுமானது. அந்த மாற்றம் எப்படி நிகழ்கிறது, அதைத் தவறாகப் புரிந்துகொள்வதால் வரும் ஆபத்து என்ன, அதைச் சரிசெய்யும் முறை என்ன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

பகுதியும் சாலைகளும்

பழைய எண்முறையில் தேசிய நெடுஞ்சாலை 45 என அழைக்கப்பட்ட சென்னை – திருச்சி சாலை திண்டிவனம், கூட்டேரிப்பட்டு, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் வழியாக விழுப்புரத்தை அடைகிறது. திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் இடைப்பட்ட தொலைவு சுமார் 40 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து செஞ்சி, திருவண்ணாமலை நோக்கி ஒரு சாலையும் புதுச்சேரி நோக்கி ஒரு சாலையும் பிரிகின்றன. விக்கிரவாண்டியில் கும்பகோணம், தஞ்சாவூர் சாலை பிரிகிறது.

பயண சொகுசைப் பற்றி அறிய இது பொருத்தமான பகுதி. நான்குவழிச் சாலையில் 80 முதல் 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், அடுத்த அரை மணி நேரத்தில் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் செல்லும் கிராமச் சாலையில் ஊர்ந்து கொண்டிருக்கும். வேகச் சாலையில் டயரின் சீரின்மை அதிர்வாகத் தெரியும். கிராமச் சாலையில் டயரின் விறைப்பு குலுக்கலாகத் தெரியும். காரணங்கள் வேறு என்பதால் தீர்வுகளும் வேறு.

டயர் என்னும் முதல் வில்

சாலையில் ஒரு சிறு கல் அல்லது பாலத்தின் இணைப்பு குறுக்கிடும்போது, அதை முதலில் உள்வாங்குவது டயர். டயரின் ரப்பரும் அதனுள் உள்ள இழைகளும் ஓரளவு தாங்கினாலும், எடையின் பெரும்பகுதியைச் சுமப்பது உள்ளே அடைபட்டிருக்கும் காற்றே. ஒரு சக்கரத்தின் மீது 350 கிலோ எடை இறங்குகிறது என்றும் டயரில் 33 பிஎஸ்ஐ அழுத்தம் உள்ளது என்றும் கொண்டால், டயர் சாலையைத் தொடும் பரப்பு சுமார் 150 சதுர சென்டிமீட்டர். விரித்த ஒரு கையின் அளவு அது. நான்கு கைகளின் பரப்பில்தான் முழுக் காரும் நிற்கிறது, திரும்புகிறது, பிரேக் பிடிக்கிறது.

காரின் சுருள்வில்லோடு ஒப்பிட்டால் டயர் பல மடங்கு விறைப்பான வில். பெரிய பள்ளங்களைச் சுருள்வில்லும் ஷாக் அப்சார்பரும் கவனித்துக் கொள்கின்றன. சிறு கற்கள், தாரின் சொரசொரப்பு, ஒட்டுப்போட்ட சாலையின் விளிம்புகள் போன்றவற்றை விழுங்குவது டயரின் பணி. அழுத்தம் கூடினால் இந்த வில் மேலும் விறைக்கும், குறைந்தால் தளரும்.

காரின் உடல் பொதுவாக வினாடிக்கு ஒன்று முதல் ஒன்றரை முறை மேலும் கீழும் அசையும் இயல்புடையது. சக்கரமோ வினாடிக்குப் பத்து முதல் பதினைந்து முறை துள்ளும் இயல்புடையது. மனித உடல் செங்குத்து அதிர்வை மிக அதிகமாக உணர்வது வினாடிக்கு 4 முதல் 8 முறை என்ற வரம்பில் என்பதைக் கொண்டே, முழு உடல் அதிர்வுக்கான ஐஎஸ்ஓ 2631 தரநிலை அமைக்கப்பட்டுள்ளது. ஒரு காரின் வடிவமைப்பாளர் உடலின் அசைவை இந்த வரம்புக்குக் கீழேயும், சக்கரத்தின் துள்ளலை அதற்கு மேலேயும் வைக்க முயல்கிறார்.

குளிர் டயரில் செய்யும் மாற்றங்கள்

அடைபட்ட காற்றின் அழுத்தம் அதன் தனிவெப்பநிலைக்கு நேர்விகிதத்தில் மாறும் என்பது பள்ளி இயற்பியலில் படிக்கும் விதி. கணக்கிடும்போது அளவுமானி காட்டும் அழுத்தத்துடன் வளிமண்டல அழுத்தமான 14.7 பிஎஸ்ஐயையும், செல்சியஸ் அளவுடன் 273-ஐயும் கூட்டிக்கொள்ள வேண்டும். இதன்படி 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயரில் ஒவ்வொரு 10 டிகிரி குளிர்ச்சிக்கும் சுமார் ஒன்றரை பிஎஸ்ஐ குறையும்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். ஒருவர் புரட்டாசி மாத மதியத்தில் சென்னையிலிருந்து காரை ஓட்டி வந்து, திண்டிவனத்தில் பெட்ரோல் போடும் இடத்திலேயே 33 பிஎஸ்ஐ காற்று பிடிக்கிறார். நெடுஞ்சாலையில் ஓடி வந்த டயரின் உள்காற்று அப்போது 55 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். அதே கார் மார்கழி விடியலில் 20 டிகிரியில் நிற்கும்போது, காற்று சிறிதும் கசியாவிட்டாலும், அழுத்தம் சுமார் 28 பிஎஸ்ஐயாக இருக்கும். நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒரு பிஎஸ்ஐ அளவுக்கு இயல்பான கசிவு உண்டு. அதையும் சேர்த்தால் மார்கழியில் அந்த டயர் 25, 26 பிஎஸ்ஐயில் ஓடிக்கொண்டிருக்கும். ஆணி குத்தவில்லை, பஞ்சர் இல்லை. ஆனால் காற்றில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது.

குளிரின் இரண்டாவது விளைவு ரப்பர் மீது. வெப்பநிலை குறையும்போது ரப்பர் விறைக்கும். சாதாரண டயர்களின் மேற்பரப்பு ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே தன் நெகிழ்வையும் பிடிப்பையும் கணிசமாக இழக்கத் தொடங்குகிறது என்பது டயர் துறையில் பொதுவாகக் கையாளப்படும் வரம்பு. சமவெளியான விழுப்புரம் பகுதி அந்த வரம்பை நெருங்குவதே இல்லை.

மூன்றாவது விளைவு ஷாக் அப்சார்பரில் உள்ள எண்ணெய் மீது. குளிரில் எண்ணெய் கெட்டிப்படுவதால் முதல் சில கிலோமீட்டர்களில் கார் சற்று முரட்டுத்தனமாக அசையும். 20 டிகிரியில் இது மிகச் சிறிய அளவே.

ஆக, குளிர் இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்கிறது. அழுத்தத்தைக் குறைத்து டயரைத் தளரச் செய்கிறது. ரப்பரையும் எண்ணெயையும் விறைக்கச் செய்கிறது. குளிர்நாடுகளில் பின்னதும் பெரிதாகத் தெரியும். விழுப்புரத்தில் முன்னதே மேலோங்கும். இங்கு குளிர்காலத்தில் கார் மென்மையாக ஓடுவதாகத் தோன்றினால், பெரும்பாலும் டயரில் காற்று குறைந்திருக்கிறது என்பதே பொருள்.

காலை நேர அதிர்வு

இரவு முழுதும் ஒரே இடத்தில் நின்ற காரை விடியற்காலையில் எடுக்கும்போது, முதல் சில கிலோமீட்டர்களுக்கு ஒருவித தடதடப்பு உணரப்படுவது உண்டு. எடையைத் தாங்கி நின்ற இடத்தில் டயர் தற்காலிகமாகத் தட்டையாவதே இதற்குக் காரணம். டயருக்குள் இருக்கும் நைலான் இழைகள் சூட்டில் இளகி, குளிரும்போது இருந்த வடிவத்திலேயே நிற்கும் தன்மை கொண்டவை. நெடுந்தூரம் ஓடிச் சூடான டயருடன் நிறுத்தி, குளிர்ந்த காலையில் எடுக்கும்போது இது அதிகம் தெரியும். காற்று குறைவாக இருந்தால் இன்னும் கூடும்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்தின் குறுக்கு இழை நைலான் டயர்களில் இது அன்றாட அனுபவம். இன்றைய ரேடியல் டயர்களில் குறைவு. ஆனால் அவற்றிலும் மேற்பரப்புக்குக் கீழே நைலான் அடுக்கு இருப்பதால் முற்றிலும் மறையவில்லை. பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடி டயர் சூடானதும் இந்த அதிர்வு தானாக நின்றுவிடும். நிற்காவிட்டால் காரணம் வேறு.

அப்படி நீடிக்கும் அதிர்வுக்கு முதன்மைக் காரணம் வீல் பேலன்சிங் கெட்டுப்போவது. 185/65 ஆர்15 அளவுள்ள டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். கார் 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அது வினாடிக்கு 14 முறை சுற்றுகிறது. சக்கரம் இயல்பாகத் துள்ளும் வேகமும் ஏறக்குறைய அதுவே. அதனால்தான் சில கிராம் எடைச் சமமின்மைகூட ஊருக்குள் தெரியாமல் இருந்து, திண்டிவனம் தாண்டி வேகமெடுத்ததும் ஸ்டியரிங்கில் நடுக்கமாக வெளிப்படுகிறது.

மென்மைக்காகக் காற்றைக் குறைக்கும் பழக்கம்

டயர் தொடர்பாக இப்பகுதியில் மட்டுமல்லாமல் தமிழகம் முழுவதும் பரவியிருக்கும் ஒரு நம்பிக்கை, ‘வெயில் காலத்தில் டயர் வெடித்துவிடும், காற்றைக் கொஞ்சம் குறைத்து வை’ என்பது. குலுக்கல் குறையும் என்பதற்காகக் குறைத்து வைப்போரும் உண்டு. இரண்டிலும் கிடைக்கும் மென்மை உண்மையானதே. ஆனால் அதற்கான விலை அதிகம்.

காற்று குறைந்த டயரின் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் வழக்கத்தைவிட அதிகமாக மடங்கி நிமிர்கிறது. 100 கிலோமீட்டர் வேகத்தில் வினாடிக்கு 14 முறை என்றால், ஒரு மணி நேரத்தில் ஐம்பதாயிரம் முறைக்கு மேல் மடங்குகிறது. இந்த மடிப்பால் வெப்பம் உண்டாகிறது. ரப்பருக்கும் இழைகளுக்கும் இடையிலான பிணைப்பு அந்த வெப்பத்தில் தளர்ந்து, அடுக்குகள் பிரிகின்றன. நெடுஞ்சாலையில் நிகழும் டயர் வெடிப்புகளுக்கு மிகு அழுத்தத்தைவிடக் குறை அழுத்தமும், அதனுடன் சேரும் அதிக பாரமும் வேகமுமே பெரும்பாலும் காரணம். பரிந்துரைக்கப்பட்ட அழுத்தத்துக்கு நிரப்பிய நல்ல டயர், கோடையில் ஓடும்போது நான்கைந்து பிஎஸ்ஐ கூடுவதைத் தாங்கும் வகையிலேயே வடிவமைக்கப்படுகிறது.

ஆகவே ஓடிச் சூடான டயரில் அழுத்தம் கூடியிருப்பதைக் கண்டு காற்றைத் திறந்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் மறுநாள் காலையில் டயர் குறை அழுத்தத்தில் நிற்கும். அடுத்த பயணத்தில் இன்னும் அதிகமாகச் சூடாகும்.

அழுத்தம் குறைந்த டயர் பள்ளத்தில் விழும்போது ரிம்முக்கும் சாலைக்கும் இடையே பக்கச்சுவர் நசுங்கி, உள்ளிழைகள் அறுந்து வெளியே கொப்புளம் போல் புடைக்கும். இப்படிப் புடைத்த டயரைப் பஞ்சர் போட்டுச் சரிசெய்ய முடியாது; மாற்றியாக வேண்டும்.

மறுபுறம், அதிக காற்றும் நல்லதல்ல. டயரின் நடுப்பகுதி மட்டும் சாலையில் பதிந்து தேயும், பிடிப்பு குறையும், ஒவ்வொரு சிறு கல்லும் இருக்கையில் தெரியும்.

மழையும் குளிரும் சேரும் காலம்

வடகிழக்குப் பருவமழையும் குளிரும் இப்பகுதியில் அடுத்தடுத்து வருகின்றன. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பதிவானது. அதைத் தொடர்ந்த தென்பெண்ணை வெள்ளத்தால் அரசூர் அருகே சென்னை – திருச்சி நெடுஞ்சாலையில் போக்குவரத்து தடைபட்டது. இத்தகைய மழைக்குப் பின் தார் பெயர்ந்த பள்ளங்கள் வாரக்கணக்கில் நிற்கும். வெப்பநிலை இறங்கி டயரின் அழுத்தமும் குறைந்திருக்கும் காலம் அதுவே.

சாலையில் நீர் தேங்கி நிற்கும்போது, ஒரு வேகத்துக்கு மேல் டயர் நீரின் மீது மிதக்கத் தொடங்கும். அப்போது ஸ்டியரிங்கும் பிரேக்கும் பயன்படா. மிதக்கத் தொடங்கும் வேகம் டயர் அழுத்தத்தின் இருபடி மூலத்தைப் பொறுத்து மாறும் என்பது 1960-களில் விமான டயர்கள் குறித்து நாசா செய்த ஆய்வுகளில் கண்டறியப்பட்டது. இதன்படி அழுத்தம் 33-லிருந்து 27 பிஎஸ்ஐக்குக் குறைந்தால், மிதக்கும் வேகமும் சுமார் பத்து விழுக்காடு குறையும். மேற்பரப்புப் பள்ளங்கள் தேய்ந்த டயரில் நிலைமை மேலும் மோசமாகும். கார்களுக்கு இந்திய விதிகள் வகுத்துள்ள குறைந்தபட்சப் பள்ள ஆழம் 1.6 மில்லிமீட்டர். டயரின் பள்ளங்களுக்கு இடையே உள்ள சிறு மேடுகள் இந்த அளவைக் காட்டுகின்றன. மேற்பரப்பு தேய்ந்து அம்மேட்டுக்குச் சமமானால் டயர் மாற்ற வேண்டிய நிலையை அடைந்துவிட்டது.

உதகைக்குச் செல்லும் கார்

விழுப்புரத்திலிருந்து உதகமண்டலத்துக்குக் குளிர்காலச் சுற்றுலா செல்வோர், மலையில் டயர் அழுத்தம் வெகுவாகக் குறைந்துவிடும் என்று அஞ்சுவது உண்டு. உண்மையில் அங்கே இரண்டு காரணிகள் ஒன்றையொன்று ஈடுகட்டுகின்றன. 30 டிகிரியில் 33 பிஎஸ்ஐ நிரப்பிய டயர் உதகையின் 5 டிகிரிக் காலையில் சுமார் 4 பிஎஸ்ஐ இழக்கும். ஆனால் உதகை கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு வளிமண்டல அழுத்தம் 11.2 பிஎஸ்ஐ அளவே. வெளியழுத்தம் குறைவதால் அளவுமானி சுமார் மூன்றரை பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டும். இறுதியில் அழுத்தம் ஏறக்குறைய 32 முதல் 33 பிஎஸ்ஐ என்ற அளவிலேயே நிற்கும்.

எனினும் உதகையின் உறைபனிக் காலைகளில் ரப்பர் விறைப்பு மெய்யாகவே உணரப்படும். பனி படிந்த புல்வெளி ஓரச் சாலைகளில் பிடிப்பு குறையும் என்பதால் முதல் சில கிலோமீட்டர்களை மெதுவாக ஓட்டுவது அவசியம்.

குளிர்நாடுகளில் வாழும் தமிழர்கள் இதைவிடக் கடுமையான நிலையை எதிர்கொள்கின்றனர். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் குளிர்கால மாதங்களில் பனிக்கால டயர்கள் சட்டப்படி கட்டாயம். மலைச்சிகரமும் பனித்துகளும் கொண்ட குறியீடு பொறித்த இந்த டயர்களின் ரப்பர் கடுங்குளிரிலும் நெகிழ்வாக இருக்கும். அதே டயரை விழுப்புரத்தின் கோடையில் ஓட்டினால் விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே ‘குளிர்கால டயர்’ என விற்கப்படுவதை இங்கு வாங்க வேண்டிய தேவை இல்லை.

டயரின் அளவும் சொகுசும்

டயரின் பக்கச்சுவரில் 185/65 ஆர்15 88எச் எனப் பொறிக்கப்பட்டிருந்தால், 185 என்பது மில்லிமீட்டரில் அகலம். 65 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை விழுக்காடு என்பது. 15 என்பது ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 88 என்பது ஒரு டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வேக வரம்பையும் குறிக்கும் குறியீடுகள்.

இந்த டயரின் பக்கச்சுவர் உயரம் 120 மில்லிமீட்டர். தோற்றத்துக்காக 205/45 ஆர்17 டயருக்கு மாறினால் அது 92 மில்லிமீட்டராகக் குறைகிறது. குலுக்கலை விழுங்கும் காற்றுத்தடுப்பில் 28 மில்லிமீட்டர் பறிபோகிறது. சக்கரத்தின் எடையும் பெரும்பாலும் கூடுகிறது. கிராமச் சாலைகளில் அடிக்கடி செல்லும் காருக்கு இம்மாற்றம் சொகுசையும் ரிம்மையும் ஒருசேரக் கெடுக்கும்.

பக்கச்சுவரில் நான்கு இலக்கத்தில் தயாரிப்பு வாரமும் ஆண்டும் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். பள்ளம் தேயாவிட்டாலும் ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் விறைத்து வெடிப்பு விடும். குறைவாக ஓடும் காரில் சொகுசு கெடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நைட்ரஜன் பற்றிய ஐயம்

நைட்ரஜன் நிரப்பினால் அழுத்தம் மாறவே மாறாது என்ற கருத்து பரவலாக உள்ளது. சாதாரணக் காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வெப்பநிலைக்கு ஏற்ப இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவிலேயே விரிந்து சுருங்குகின்றன. நைட்ரஜனில் ஈரப்பதம் இல்லை, கசிவு சற்றுக் குறைவு என்பவையே அதன் நன்மைகள். மாதந்தோறும் அழுத்தம் பார்ப்பவருக்கு இலவசக் காற்றே போதுமானது. பார்க்காதவருக்கு நைட்ரஜனாலும் முழுப் பயன் இல்லை.

கடைப்பிடிக்க வேண்டியவை

உரிய அழுத்தம் எவ்வளவு என்பது ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் தூணில், அல்லது பெட்ரோல் மூடியின் உட்புறத்தில், ஒட்டப்பட்டிருக்கும். டயரின் பக்கச்சுவரில் உள்ள எண் அதிகபட்ச வரம்பே. நிரப்ப வேண்டிய அளவு அல்ல.

அழுத்தத்தை டயர் குளிர்ந்திருக்கும்போது, அதாவது குறைந்தது மூன்று மணி நேரம் நின்ற பின், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் ஓடியிருக்கும்போது பார்க்க வேண்டும். மாதம் ஒருமுறையும், ஐப்பசியில் மழை தொடங்கும்போதும், மார்கழிக் குளிர் வந்ததும், கோடை தொடங்கும்போதும் தவறாமல் பார்ப்பது நல்லது. சூடான டயரில்தான் பார்க்க முடிந்தது என்றால் நான்கு பிஎஸ்ஐ கூடுதலாக வைத்து, மறுநாள் காலையில் சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டில் வைத்துக்கொள்ளும் சிறிய அளவுமானி இதற்கு உதவும்.

குடும்பத்தோடும் சுமையோடும் நெடுந்தூரம் செல்லும்போது முழுப் பாரத்துக்கெனக் குறிக்கப்பட்ட கூடுதல் அழுத்தத்தை நிரப்ப வேண்டும். மாற்றுச் சக்கரத்தின் காற்றையும் பார்க்க வேண்டும். தேவைப்படும் நேரத்தில் அதுவும் தட்டையாகக் கிடப்பது அடிக்கடி நிகழ்வது.

காரில் அழுத்த எச்சரிக்கை விளக்கு இருந்தாலும் அதை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. பல கார்களில் அழுத்தம் உரிய அளவைவிட ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்த பிறகே அந்த விளக்கு எரியும். மேலே கண்ட எடுத்துக்காட்டில் 28 பிஎஸ்ஐயில் ஓடும் டயருக்கு எந்த எச்சரிக்கையும் வராமல் போகலாம்.

உரிய அழுத்தம் வைத்த பிறகும் கார் குலுக்கினால், வீல் பேலன்சிங், அலைன்மென்ட், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ்கள் ஆகியவற்றை இந்த வரிசையில் சோதிக்கலாம். குலுக்கலைப் போக்கக் காற்றைக் குறைப்பது, பழுதை மறைத்துக்கொண்டு ஓட்டுவதாகவே முடியும்.